வெட்டிய கிழங்கின் நிறம்

அகல இலை விட்ட கன்றுதான் நல்ல கன்று, அதைப் பார்த்துத் தோண்டி நடு என்று தங்கபுஷ்பத்துக்கு முதன்முதலில் சொன்னவள் அவளுடைய ஓரகத்தி ரூபாவதி. சொன்னது முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு மாசி மாதத்துச் சனிக்கிழமை, இதே வயலின் இதே வாய்க்கால் வரப்பில் நின்றுகொண்டு. மூத்தவர் பெண்டாட்டி என்கிற தோரணையில் இடுப்பில் கைவைத்து, பல்லிடுக்கில் எதையோ நாக்கால் துழாவிக்கொண்டே சொன்னாள். அந்தத் துழாவலைத்தான் தங்கபுஷ்பத்தால் இன்றுவரை விட முடியவில்லை. பொய் சொல்லுகிறவள் அப்படித் துழாவுவாளா, இல்லை காலையில் தின்ற பனங்கிழங்கு நார் மாட்டியிருந்ததா? மாசியில் பனங்கிழங்கு உண்டு. உண்டுதான், மாசி கடைசிவரைக்கும் சந்தைக்கு வரும். அப்படியானால் நாராகவும் இருக்கலாம். நாராக இருந்தால் ரூபாவதி அறியாமல் சொல்லியிருக்கலாம். ஆனால் வாழைக்காட்டிலேயே பிறந்து, வாழைக்காட்டிலேயே வாக்கப்பட்ட ஒருத்திக்கு எந்தக் கன்றை நடவேண்டும் என்று தெரியாமல் இருக்குமா? தெரியாதது தங்கபுஷ்பத்துக்குத்தான். அவள் தேரிக்காட்டுப் பக்கம் பிறந்தவள். செம்மணல் தெரியும், பனை தெரியும், முந்திரி தெரியும். வாழையைக் கல்யாண வீட்டு வாசலில் கட்டித்தான் பார்த்திருக்கிறாள். தாய் வாழையின் காலடியில் இரண்டு விதமாகப் பிள்ளைகள் முளைக்கும் என்பதை யார் அவளுக்குச் சொன்னார்கள்? ஒன்று ஈட்டிபோல ஒடுங்கின இலையோடு, சாப்பாடு போதாத பிள்ளைபோல நிற்கும். அடியில் கிழங்கு கல்போல இருக்கும், அதுதான் ஊசிக்கன்று, அதைத்தான் நடணும். மற்றது முளைத்த மறுவாரமே இலையை அகல விரித்துப் பெரிய மரம்போலப் பாவனை பண்ணும். கிழங்கு பேருக்குத்தான், தாயோடு ஒட்டுதலும் பேருக்குத்தான். புதுப்பெண் அழகைப் பார்த்து நாற்பது அகல இலைக் கன்றுகளை வாய்க்கால் ஓரமாக வரிசை பிடித்து நட்டாள், நட்டு ஒவ்வொன்றுக்கும் ஜெபம் பண்ணினாள். பதினாலு மாதம் கழித்துத் தார் விட்டபோது ஒவ்வொன்றிலும் மூன்று சீப்பு, நாலு சீப்பு, காய் சுண்டுவிரல் கனம். பங்காளி வீட்டுக் கொழுந்தன் ஒருவன் சிரித்தான், "மயினி தோட்டத்துல பூ மட்டுந்தான் விட்டிருக்கு, காயக் காணல." எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் ஒரு காயைக் கிள்ளிப் பார்த்துவிட்டுப் போனார். ரூபாவதி மட்டும் சிரிக்கவில்லை. அது ஏன்? சிரித்திருந்தால் தங்கபுஷ்பம் அன்றைக்கே மறந்திருப்பாள்.

இப்போது அதே ரூபாவதி முந்நூற்று இருபது கன்றுகளை அனுப்பியிருக்கிறாள், கேட்காமலே. நேற்றுச் சாயந்திரம் லோடு ஆட்டோ வந்து வேப்பமரத்தடியில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. எல்லாம் கோழிக்கூடு வாழை. எல்லாம் ஊசிக்கன்று. காலை எட்டு மணியிலிருந்து தங்கபுஷ்பம் சாக்கை விரித்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடியில் இழுத்து வேரைச் சீவிக்கொண்டிருக்கிறாள். எதிரே பேச்சியம்மாள், இந்த ஆற்றங்கரையில் வாழை வேலைக்கு வந்தே தலை நரைத்தவள், தானும் ஓர் அரிவாளோடு. வேரைச் சீவணும், கிழங்கின் தோலை மெல்லிசாகச் செதுக்கணும், தண்டை ஒரு சாண் விட்டுத் தறிக்கணும், சாணிச் சேற்றில் முக்கி நிழலில் நிறுத்தணும். நாளை காலையில் குழியில் வைக்கணும், நாளைக்குத்தான் வாய்க்காலில் முறைத்தண்ணீர். நாளையை விட்டால் பதினைந்து நாள் கழித்துத்தான் தண்ணீர். அதற்குள் தோண்டின கன்று அழுகிப்போகும். மார்கழியில் ஆறு ஊருக்குள் வந்துபோனபோது தார் விட்டு நின்ற தொள்ளாயிரம் வாழையும் சாய்ந்து, அதன்மேல் வண்டல் படிந்து, வயல் வழித்துவிட்ட மாவுப் பாத்திரம்போல ஆகியிருந்தது. அதன்பிறகு இந்த வயலுக்கு இதுதான் முதல் நடவு. கோயம்புத்தூரில் இருக்கிற மகன் போனில் சொன்னான், "திசு வாழ வாங்கி நடுங்கம்மா, லேப்ல வளத்தது, ஒரு நோயும் கெடயாது." நர்சரியில் கேட்டதற்கு மூன்று மாதம் பொறுக்கணும் என்றார்கள்; வெள்ளத்துக்குப் பிறகு எல்லோருக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது. கணவர் தர்மராஜ் கண் ஆபரேஷனுக்காகச் சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறார். "மயினி குடுத்துவிட்டா நல்லதாத்தான் இருக்கும், நட்டுரு" என்று ஒரு கண்ணில் கட்டோடு சொல்லிவிட்டார். அவருக்கு யாரைப் பார்த்தாலும் நல்லவர்கள்தான். ஆக, நடுவதா வேண்டாமா என்பது இந்த அரிவாளுக்கும் இந்த மடிக்கும் நடுவில் இன்றைக்குச் சாயந்திரத்துக்குள் முடிவாகவேண்டிய காரியம். ஆண்டவரே, என்று ஆரம்பித்தாள். அடுத்த வார்த்தை வரவில்லை. கையில் இருந்த கன்றைப் புரட்டினாள். நல்ல கன்று. இதற்கு முன்னால் பார்த்ததும் நல்ல கன்று. அறுபது கன்று சீவியாகிவிட்டது, ஒன்றுகூடப் பழுது இல்லை. அதுதான் சரியில்லை. முந்நூறு கன்று தோண்டினால் பத்துக் கன்றில் வண்டு துளை இருக்கும், ஐந்தில் கிழங்கு பிளந்திருக்கும், ஒன்றிரண்டு அகல இலை தவறிப்போய்க் கலந்திருக்கும். தன் தோட்டத்தில் தோண்டினாலும் அப்படித்தான். இப்படிக் கடையில் வாங்கின சோப்புக் கட்டிபோல எல்லாம் ஒரே அளவாக இருக்குமென்றால் யாரோ உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறார்கள். ஒருத்தி வேண்டாதவளுக்காக வெயிலில் உட்கார்ந்து பொறுக்குவாளா? பொறுக்கினால் எதற்காக?

"கன்னு ஒவ்வொண்ணும் மாப்பிள மாதிரிலா இருக்கு" என்றாள் பேச்சியம்மாள். "மூத்த மயினிக்கு ஒங்க மேல இம்புட்டுப் பாசமா? எங்க ஓரகத்தி எனக்கு ஒரு கறிவேப்பில கிள்ளித் தரமாட்டா." தங்கபுஷ்பம் சிரித்துவைத்தாள். பாசம். இருக்கலாம். மகளுக்கு அம்மை போட்டபோது பதினோரு நாள் வீட்டுக்கு வந்து வேப்பிலையால் வருடிக்கொடுத்தது ரூபாவதிதான். மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க பாதிரி ஐயரிடம் போய்ப் பேசியதும் அவள்தான். ஓரகத்திகள் என்றால் தலைமுடியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று ஊர் சொல்லும். இவர்கள் இரண்டு பேரும் ஒருநாள்கூடச் சண்டை போட்டதில்லை. கோயிலில் ரூபாவதி முன்னால் மூன்றாவது பெஞ்சு, தங்கபுஷ்பம் ஐந்தாவது பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் கொண்டையைப் பார்த்துக்கொண்டுதான் அவள் கண்ணை மூடுவாள். சண்டை போட்டிருந்தாலாவது நல்லது. சண்டையில் ஒரு வார்த்தை தப்பி விழும், அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடலாம். இந்தப் பெண்பிள்ளை முப்பத்தொரு வருஷமாக ஒரு வார்த்தைகூடத் தப்பி விடவில்லை. அம்மைக்கு வந்து இருந்ததே ஒருவேளை அதை மூடத்தானோ? சே. பிள்ளைக்கு வருடிக்கொடுத்த கையைப் பற்றி இப்படி நினைக்கலாமா. பொல்லாத நினைவை என்னைவிட்டு எடுத்துப்போடும் என்று தினமும் ஜெபிக்கிறாள், எந்த நினைவு என்று ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. பெயர் சொல்லாமல் கேட்டால் அவர் எதை எடுப்பார்? பிறகு வெள்ளம் வந்த அந்தக் காலை ஞாபகம் வந்தது, வரவேண்டாம் என்று அரிவாளை வேகமாக ஓட்டினாள், வந்தது. பங்கு பிரித்தபோது ஆற்றங்கரை வயல் இளையவருக்கு, மேட்டுத் தோட்டம் மூத்தவருக்கு. தண்ணீர் சட்டென்று கிடைக்கிற வயல் இவளுக்கு, கிணற்றில் இறைத்து இறைத்துச் சாகிற தோட்டம் அவளுக்கு. வெள்ளத்தில் எல்லாம் போய் மாடியில் நின்றுகொண்டிருக்கையில் யாரோ சொன்னார்கள், "மேட்டுத் தோட்டம் தப்பிச்சிட்டாம், ஒரு எல கிழியலயாம்." தங்கபுஷ்பம் "ஸ்தோத்திரம்" என்றாள். வாய் சொன்னது. உள்ளே ஏதோ ஒன்று, பால் திரிகிறதுபோல, சத்தமில்லாமல் பிரிந்து கீழே இறங்கியது. அவளுக்கும் கொஞ்சம் போயிருக்கலாமே. அதை நினைத்தது இவள்தான், ஐந்தாவது பெஞ்சுக்காரிதான். இத்தனை ஜெபம் பண்ணுகிற தன் வயிற்றுக்குள்ளேயே அப்படி ஒன்று கிடந்தால், முப்பத்தொரு வருஷமாகக் கிணற்றுத் தண்ணீரை இறைத்து இந்த வயலைப் பார்த்துக்கொண்டிருந்த ரூபாவதிக்குள் எவ்வளவு கிடக்கும்?

போன் அடித்தது. ரூபாவதிதான். கையெல்லாம் வாழைக்கறை, முழங்கையால் அமுக்கிக் காதுக்கும் தோளுக்கும் இடையில் செருகிக்கொண்டாள். "ஏட்டி புஷ்பம், கன்னு சீவியாச்சா?" "சீவிக்கிட்டே இருக்கோம்க்கா." "உள்ள எப்படி இருக்கு?" "உள்ளன்னா?" "கெழங்குட்டி. கெழங்கு எப்படி இருக்குன்னு கேக்கேன்." "நல்லா இருக்குக்கா." "ம். நல்லாப் பாத்துக்கோ. தம்பிக்குக் கண்ணு எப்படி இருக்காம்?" "நாளக்கழிச்சு கட்டப் பிரிப்பாகளாம்." "இனிமேலாவது ஒன் மூஞ்சி தெரியட்டும் அவனுக்கு. சரி, வையி." வைத்துவிட்டாள். பேச்சியம்மாள் மூத்தவள் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. உள்ளே எப்படி இருக்கு என்று எதற்காகக் கேட்கணும்? கொடுத்தவள் எண்ணிக்கை சரியாக வந்ததா என்று கேட்பாள், வழியில் ஒடிந்ததா என்று கேட்பாள். உள்ளே எப்படி என்று கேட்கிறவளுக்கு உள்ளே ஏதோ இருக்கலாம் என்று தெரியும். பிடிபட்டேனா என்று பார்க்கிற கேள்வி அது. நல்லாப் பாத்துக்கோ. எதைப் பார்க்க? அரிவாள் தன்பாட்டில் சீவிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பேச்சியம்மாள், யாரையும் குறை சொல்ல நினைக்காத குரலில், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள், "போன ஆடில மேட்டுத் தோட்டத்துக்குக் களையெடுக்கப் போயிருந்தேம்மா. மேக்கால ஒரு வாழ மூட்டுல எலயெல்லாம் மஞ்சளாப் போயி ஒடிஞ்சு, பாவாட கட்டுனாப்ல சுத்தித் தொங்கிச்சு. தண்ணி காணலன்னு நெனச்சேன்."

பாவாடை கட்டினாற்போல. தங்கபுஷ்பத்தின் கை நின்றது. அது தண்ணீர் காணாமல் இல்லை. அது வாடல். அடி இலையிலிருந்து மஞ்சளாகி, காம்போடு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்கினால் வாடல் நோய்தான். கோழிக்கூடு வாழையை அதுபோல வேறு எதுவும் பிடிக்காது. மேல் ஊரில் ஒருவர் வயலில் வந்து, வாழையையே விட்டுவிட்டு நெல்லுக்குப் போனார். இருபது வருஷம் கழித்து மகன் ஆசைப்பட்டு வாழை வைத்தான், ஆறாம் மாதமே பாவாடை கட்டிவிட்டது. தார் மட்டும் போகிற காரியம் இல்லை அது. மண்ணுக்குள் இறங்கிவிடும். கன்றின் கிழங்குக்குள் ஒளிந்துகொண்டு ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போகும், இறங்கும், பிறகு அது அந்த மண்ணின் வீட்டுக்காரனாகிவிடும். வெள்ளம்கூட ஒரு வருஷத்தைத்தான் எடுத்தது. இது மகன் காலத்தையும் எடுக்கும். ஒரு வயலைக் கெடுக்கணும் என்று ஒருத்தி நினைத்தால் இதைவிட நல்ல வழி இல்லை. வெளியே பார்த்தால் பாசம், லோடு ஆட்டோவில் வந்து இறங்கின பாசம். ஆறு மாதம் கழித்து இலை ஒடிந்து தொங்கும்போது யார் வந்து கேட்பார்கள்? கேட்டாலும், வெள்ளத்தோட வந்திருக்கும் என்பாள், ஆறு எங்கெங்கேயோ மண்ணைக் கொண்டுவந்து போட்டிருக்கு என்பாள். அதுவும் உண்மையாக இருக்கலாம். யோசித்துத்தான் செய்திருக்கிறாள். அன்றைக்கு அகல இலை. இன்றைக்கு ஊசி இலை. அன்றைக்குத் தெரியாதவளிடம் தெரியாததைக் காட்டி ஏமாற்றினாள், இன்றைக்குத் தெரிந்தவளிடம் தெரிந்ததைக் காட்டி. இவளுக்குக் கண் போகிற இடமெல்லாம் அழகாக வைத்திருக்கிறாள், கண் போகாத இடத்தில்தானே வைத்திருப்பாள்! ஆண்டவரே, ஆண்டவரே.

மடியில் கிடந்த கன்றின் கிழங்கைக் குறுக்கே வெட்டினாள். தோலை மட்டும் சீவாமல் நடுவாக, தேங்காய் கீறுகிறதுபோல ஆழமாக. நோய் இருந்தால் உள்ளே செம்பழுப்புப் புள்ளியும் கோடுமாகத் தெரியும், நல்ல கிழங்கு வெள்ளையாக இருக்கும். வெட்டின பாதியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். பயம். பார்க்காமல் இருக்கிறவரைக்கும் எதுவும் நடக்கவில்லை. உமக்குச் சித்தமானால், என்று ஆரம்பித்தாள், எதற்குச் சித்தமானால்? வெள்ளையாக இருக்கணும் என்று கேட்கிறாளா, சிவப்பாக இருக்கணும் என்று கேட்கிறாளா? இது என்ன கேள்வி என்று அவளே மிரண்டாள். சிவப்பாக இருந்தால் வயல் தப்பும், குப்பையில் தூக்கிப்போட்டு எரித்துவிடலாம். அதோடு முப்பத்தொரு வருஷமும் ஒரே அடியில் நேராகும், நான் நினைத்தது சரிதான் என்று ஆகும். வெள்ளையாக இருந்தால்? வெள்ளையாக இருந்தால் ரூபாவதி நல்லவளா, இல்லை அந்த ஒரு கன்று மட்டும் நல்லதா? மாமனார் கிள்ளிப் பார்த்துவிட்டுப் போன அந்தக் காய் நினைவுக்கு வந்தது, தேரியில் அப்பா பனை ஏறி இறங்கி நெஞ்சைத் துடைக்கிறது வந்தது, அம்மைக் கொப்புளத்தின்மேல் வேப்பிலை போகிற சத்தம் வந்தது, அந்த நாக்கு பல்லிடுக்கில் துழாவுகிறது வந்தது. கண்ணைத் திறந்தாள். கிழங்கு பழுப்பாக இருந்தது. ஓரமெல்லாம் தவிட்டு நிறம், நடுவில் செம்புள்ளிகள், துருப்பிடித்த கோடுகள். அவளுக்குள், மறைக்க முடியாமல், ஒரு சந்தோஷம். பார்த்தியா. பார்த்தியா, எனக்குத் தெரியும். "பேச்சி, இங்க பாரு" என்று வெட்டின பாதியை நீட்டினாள். பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்னம்மா?" "செவந்திருக்குலா." "வெட்டி வச்சா செவக்காம என்ன செய்யும்? வெட்டிப்போட்டு அரமணி நேரமால்லா கண்ண மூடிட்டு இருக்கிய. கோயில்லன்னு நெனச்சிட்டியளாக்கும். வாழைக்காயை நறுக்கிக் காத்துல வச்சாக் கறுக்கும்லா, அதேதான் இது." 

அரைமணி நேரம் இருக்காது. இருந்தாலும் கணிசமான நேரம். தங்கபுஷ்பம் இன்னொரு கன்றை எடுத்தாள், குறுக்கே வெட்டினாள், கண்ணை மூடாமல், இமைக்காமல் பார்த்தாள். பால்போல வெள்ளை. அந்த வெள்ளைமேல் சொட்டுச் சொட்டாய் நீர் துளிர்த்து நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓரத்தில் லேசாக மங்கியது. பிறகு ஒரு புள்ளி. பிறகு இரண்டு. அவள் பார்க்கப் பார்க்கத்தான் அது சிவந்தது. யாரும் அதற்குள் எதையும் வைக்கவில்லை. அப்படியானால் முதல் கிழங்கு எந்தச் சிவப்பு? நோயின் சிவப்பா, நேரத்தின் சிவப்பா? வெட்டின உடனே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், இப்போது அதைச் சொல்ல யாராலும் முடியாது. இன்னொன்றை வெட்டினாள். வெள்ளை. இன்னொன்று. வெள்ளை. அடுத்ததற்குக் கை போனபோது பேச்சியம்மாள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டாள். "எம்மா, வெட்டுனது பூராம் சட்டிக்குத்தான் ஆகும், குழிக்கு ஆகாது. இப்படி முந்நூறையும் வெட்டிப் பாத்தா எல்லாம் வெள்ளன்னு நல்லாத் தெரிஞ்சுபோகும். நாளைக்கு நட ஒண்ணும் இருக்காது." சாக்கின்மேல் நாலு கன்றுகள் இரண்டிரண்டாகக் கிடந்தன. நாலு கன்றுகளை அவளே கொன்றிருக்கிறாள். முழுசாகத் தெரியவேண்டுமானால் முழுசாகக் கொல்லணும். தோலோடு விட்டால் உள்ளே என்ன என்று தெரியாது, தெரியாமலே மண்ணுக்குள் வைக்கணும். இதுவரைக்கும் நட்ட எத்தனை ஆயிரம் கன்றுகளை அப்படித்தானே வைத்திருக்கிறாள், ஒருநாளும் பயந்ததில்லையே. கன்றைப் பார்த்து வந்த பயம் இல்லை இது. கொடுத்தவளைப் பார்த்து வந்த பயம். அப்படியானால் வெட்டிப் பார்க்கவேண்டியது கன்றை இல்லை. அவள் எழுந்தாள், முழங்கால் சொடக்கிட்டது, வாய்க்கால் வரப்புவரைக்கும் போனாள், கறைக் கையைச் சேலையில் துடைத்துப் போனை எடுத்தாள். பேச்சியம்மாள் காதுக்கு எட்டாத தூரம்தானா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். வாய்க்கால் காய்ந்து வெடித்திருந்தது. இங்கேதான் நின்றாள், இந்த இடத்தில்தான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு.

"அக்கா." "என்னட்டி, மறுபடியும்?" "ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கோவப்படக் கூடாது." "கோவப்படக் கூடாதுன்னாலே கோவப்படுத காரியந்தான். கேளு." கேட்க வந்தது வாடலைப் பற்றி. மேற்கால மூட்டில் பாவாடை கட்டியிருந்ததாமே, என்றுதான் தொடங்கணும். வாய் வேறு எங்கேயோ போனது. "நான் வந்த புதுசுல, அகல எலக் கன்னப் பாத்து நடுன்னு சொன்னியளே. தெரிஞ்சா சொன்னிய, தெரியாமலா?"  அந்தப் பக்கம் எங்கேயோ மோட்டார் ஓடுகிறது, கிணற்றடியில் இருக்கிறாள்போல. இப்போது நாக்கு துழாவிக்கொண்டிருக்கும். இப்போது ஒரு பொய் தயாராகிக்கொண்டிருக்கும். எந்தக் கன்னுட்டி, எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே என்பாள், தங்கபுஷ்பம் அதற்கு என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ரூபாவதி சொன்னாள், "தெரிஞ்சுதான் சொன்னேன்." மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. "நல்லாத் தெரிஞ்சுதாம்ட்டி சொன்னேன். ஆத்தங்கரை வயல ஒங்களுக்குத்தான் குடுக்கப்போறாகன்னு அதுக்கு மொத நாள்தான் மாமா பேசுனது காதுல விழுந்திச்சு. நான் வந்து ஏழு வருசம், நீ வந்து ஏழு வாரம். வயிறு எரிஞ்சுது, சொன்னேன். நீ ஒவ்வொரு கன்னுக்கும் கண்ண மூடி ஜெபம் பண்ணதப் பாத்துக்கிட்டே நின்னேன், அப்பவாவது சொல்லியிருக்கணும், சொல்லல. போதுமா?" போதுமா? தங்கபுஷ்பத்துக்கு முப்பத்தொரு வருஷமாக இந்த ஒரு வாக்கியம்தான் வேண்டியிருந்தது. கிடைத்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "இப்ப எதுக்குக்கா சொல்லுதிய?" "நீ கேட்ட, சொல்லுதேன். இதுவரைக்கும் நீ கேக்கலயே. என்னைக்காவது கேப்ப கேப்பன்னு இருந்தேன். நீ என்னன்னா வாயத் தொறக்காம என் கொண்டயப் பாத்துப் பாத்து ஜெபம் பண்ணுத. முதுகு குறுகுறுங்கும்ட்டி எனக்கு." 

கொண்டையைப் பார்த்தது தெரிந்திருக்கிறது. தங்கபுஷ்பத்துக்கு முகம் சூடானது. வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே, "மேக்கால ஒரு மூட்டுல வாடல் இருந்துச்சாமே" என்றாள். "பேச்சி சொன்னாளாக்கும். இருந்திச்சு. ஒரே ஒரு மூடு. வேரோட தோண்டி எரிச்சு, சுண்ணாம்பக் கொட்டி மூடியாச்சு. மேக்கால கன்னு ஒண்ணுகூட ஒனக்கு அனுப்பல, எல்லாம் கெழக்க, கெணத்துப் பக்கம் உள்ளது. நானே உக்காந்து பொறுக்குனேன். அதனாலதான் உள்ள எப்படி இருக்குன்னு கேட்டேன், எனக்கும் பயந்தானே. அன்னைக்குத் தெரிஞ்சு கெடுத்தேன். இன்னைக்குத் தெரிஞ்சு பொறுக்கி அனுப்பியிருக்கேன். நம்புனா நடு, நம்பாட்டி தூக்கி ஆத்துல போடு, நான் ஒண்ணும் நெனக்க மாட்டேன். நெனப்பேன், ஆனா சொல்ல மாட்டேன்."  கிணறு கிழக்கே. தண்ணீர் கிழக்கேயிருந்து மேற்கே ஓடும். நோய் கடைசி மூட்டில் இருந்திருந்தால் தண்ணீரோடு மேலே ஏறியிருக்காது. அது சரிதான். ஆனால் மண்வெட்டியில் ஒட்டின மண் ஏறுமே, ஆள் காலில் ஒட்டின மண் ஏறுமே. உண்மையைச் சொன்னவள் அதோடு சேர்த்து ஒரு பொய்யையும் அனுப்பலாம். பழைய குற்றத்தை ஒத்துக்கொண்டால் புதியதை யாரும் தேடமாட்டார்கள் என்று தெரிந்து ஒத்துக்கொள்ளலாம். இதையும் யோசித்துவிட்டாள், யோசிக்காமல் இருக்க முடியவில்லை. யோசித்த மனசையே நின்று பார்த்தாள். வெட்டிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் எதுவும் சிவக்கும். மரத்தடியில் பேச்சியம்மாள் மறுபடியும் சீவ ஆரம்பித்திருந்தாள், சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. சீவினவை சாணிச் சேறு பூசிக்கொண்டு நிழலில் வரிசையாக நின்றன. நாளை இந்நேரம் அவை மண்ணுக்குள் இருக்கும், அல்லது சாம்பலாக இருக்கும். ரூபாவதி காத்துக்கொண்டிருந்தாள், மூச்சு கேட்டது. அவளுக்கும் இப்போது ஐம்பத்தேழு வயது இருக்கும், கன்று பொறுக்கக் குனிந்து குனிந்து இடுப்பு வலித்திருக்கும். உம்முடைய கையில், என்று தங்கபுஷ்பம் சொன்னாள், வாய்விட்டுச் சொல்லவில்லை, இந்த முறை அந்த நினைவின் பெயரையும் சேர்த்துச் சொன்னாள்.

"ஏட்டி, இருக்கியா?"

"இருக்கேன்க்கா. காலைல ஆறு மணிக்கெல்லாம் தண்ணி வந்திரும்." வாய்க்கால் வரப்பில் இன்னொருத்திக்கு இடம் விடுகிறதுபோல அரை அடி நகர்ந்து நின்றுகொண்டாள். "நீங்களும் நட வாங்க. வரும்போது ஒரு மம்பட்டி எடுத்துட்டு வாங்க, கழுவிட்டு எடுத்துட்டு வாங்க. இங்ஙன ஒண்ணுதான் இருக்கு."